ஆளுக்குப் பாதி

அந்த வீட்டில் மூன்று அலமாரிகள். மூன்றுக்கும் தனித்தனிப் பூட்டு. மூன்று சாவிகளும் மூன்று பேர் உடம்போடு ஒட்டிக்கொண்டு திரிந்தன. உள்ளே நகையும் நட்டும் குவிந்து கிடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். இருமல் மருந்து, கைப்பை, மூத்த மகள் பெரியவளின் பழைய கைக்கடிகாரம், இஸ்திரிப் பெட்டி, இப்படிப்பட்ட அரும்பொருட்கள்தான். பதினேழு வயதுப் பையன் ஒருவன் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டால் வீட்டில் எதெல்லாம் விலை போகும் என்பது, அது காணாமல் போன பிறகுதான் தெரியும். இப்போது பூட்டிவைத்திருப்பது இரண்டாவது இஸ்திரிப் பெட்டி.

பூட்டு யோசனை பையனின் அப்பாவுடையது. அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் லிப்ட்காரர். அவர் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிப்ட் கிடையாது. நாலாவது மாடிக்கு மூச்சு வாங்கப் படியேறித்தான் போவார். அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பார். ஆனால் மகன் சின்னவனின் மாத்திரை விஷயம் வெளியே தெரிந்த பிறகு படியில் எதிர்ப்படுகிறவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அவர் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. லிப்ட் ஓடும் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அந்தச் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். மூன்று பேர் இறங்கினால் மூன்று பூட்டு. அடுத்தவன் பூட்டை யாரும் தொடக் கூடாது, சாவியைக் கேட்கவும் கூடாது. முதலாளியே வந்து நின்று குதித்தாலும் சரி. இந்த ஒரு பழக்கத்தால்தான் இத்தனை வருடமும் கை கால் முழுசாக வீடு வந்து சேர்ந்திருக்கிறோம் என்று அவர் நம்பினார். அதனால் வீட்டுக்கும் அதையே சட்டமாக்கினார்.

"அவங்கவங்க பூட்டு அவங்கவங்களோட. யாரு என்ன வெச்சிருக்காங்க, எங்க வெச்சிருக்காங்கன்னு இன்னொருத்தர் கேட்கவே கூடாது. தெரிஞ்சாத்தானே அவன் கெஞ்சிக் கூத்தாடி வாயில இருந்து பிடுங்குவான்?" என்றார்.

மனைவியும் மகளும் தலையாட்டினார்கள். மறுத்துப் பேச அந்த வீட்டில் யாருக்கும் தெம்பு மிச்சமில்லை.

எல்லாம் ஒரு சுவரில் தொடங்கியது. பந்து அடுத்த வளாகத்துக்குள் போய்விட்டது என்று ஏறிக் குதித்தவன் காலை முறித்துக்கொண்டான். அறுவைச் சிகிச்சை நடந்தது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். நேரம் தவறாமல் எழுப்பி எழுப்பிக் கொடுத்தவள் அம்மாதான். அதை அவள் இன்றுவரை தனக்குத் தானே சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள். கட்டுப் பிரித்தாயிற்று, கால் சேர்ந்தாயிற்று, பையன் நடந்தான், ஓடினான். மாத்திரை மட்டும் நிற்கவில்லை. டாக்டர் சீட்டுக் கேட்காத மருந்துக்கடை ஒன்றை அவனே கண்டுபிடித்து வைத்திருந்தான். படிப்பில் இல்லாத கெட்டிக்காரத்தனம் அதில் இருந்தது. சைக்கிள் போயிற்று. பெரியவளின் காதணி போயிற்று. பள்ளிக்கூடத்தில் மேசைமேல் கவிழ்ந்து தூங்கியவனை எழுப்ப முடியாமல் கூப்பிட்டு அனுப்பிய அன்றுதான் இவர்களுக்கு விஷயம் உறைத்தது. அதுவரை, வளர்கிற பையன், களைப்பு என்று மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருந்தது. அங்கே ஒரு டாக்டரம்மா. அதட்டிப் பேச மாட்டார், ஆறுதலாகவும் பேச மாட்டார். மாற்று மருந்து எழுதிக் கொடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரப்போவதாகச் சொன்னார். வாரா வாரம் சிறுநீர் சோதனை.

"வீட்டுல தேடுங்க. பழைய மாத்திரை கிடைக்கும். கிடைச்சதைச் சாக்கடையில கொட்டிடுங்க. நான் குடுக்கறதைத் தவிர வேற எதுவும் உள்ள போகக் கூடாது. புரியுதா?"

மூன்று பேரும் புரிகிறது என்றார்கள். வீட்டுக்கு வந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். லிப்ட்காரருக்கு ஜன்னல் திரைக் கம்பிக்குள்ளிருந்து மாத்திரை சுருட்டிய காகிதச் சுருள் ஒன்று கிடைத்தது. குழாய்க்குள் அடைத்துவைத்திருந்தான். மற்ற இருவருக்கும் அங்கங்கே ஏதோ கிடைத்ததாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கொட்டியாயிற்று என்றும் சொன்னார்கள். லிப்ட்காரரும் கொட்டிவிட்டேன் என்றார்.

அவர் கொட்டவில்லை. கொட்டத்தான் போனார். சாக்கடைக் குழிக்குப் பக்கத்தில் நின்றவருக்கு, இவ்வளவையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டு நாளைக்கு ஏதாவது ஆபத்து என்றால் என்ன செய்வது என்று தோன்றியது. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று கொஞ்சத்தைக் காகிதத்தில் மடித்துத் தன் அலமாரியில், ஸ்பானர்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். ஆபத்து அடுத்த வாரமே வந்தது.

காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது சின்னவன் குளியலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. மூக்கு ஒழுகியதைத் துடைக்கக்கூட அவன் கையைத் தூக்கவில்லை. அவ்வளவு பெரிய பையன், அப்பாவைவிட ஒரு விரல் உயரம், ஒரு மூலையில் அடங்கிப்போய்க் கிடந்தான்.

"அப்பா," என்றான். "டாக்டர் ரொம்ப வேகமா குறைக்கிறாங்கப்பா. என்னால முடியல. பாதி போதும். பாதி இருந்தா இன்னிக்கு ஒரு நாளைத் தள்ளிடுவேன். உங்களுக்கு மட்டும்தான்ப்பா என் கஷ்டம் தெரியும். அம்மாகிட்டச் சொன்னா அழுவாங்க. அக்கா கத்துவா. நீங்க மட்டும்தான்."

இதற்கு முன்னால் அந்தப் பையன் அப்பாவிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே கிடையாது. சின்ன வயதிலிருந்து அவனுக்கு எல்லாம் அம்மாதான். அப்பா என்றால் கிரீஸ் வாசனையோடு வந்து, சாப்பிட்டுவிட்டு, தூங்கிப்போகிற ஓர் ஆள். லிப்ட்காரருக்கு அந்த வார்த்தை எங்கேயோ போய்த் தைத்தது. பையன் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்ததே என்று, அந்த நிலைமையிலும், வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டார். ஓடிக்கொண்டிருக்கும் லிப்ட்டைச் சட்டென்று நிறுத்தினால் உள்ளே இருப்பவனுக்குத்தானே அடி என்று தன் தொழிலையும் துணைக்கு இழுத்துக்கொண்டார். மாத்திரையைக் கத்தியால் நறுக்கிப் பாதியைக் கொடுத்தார்.

அப்புறம் அது தினசரி வழக்கமாயிற்று. காலையில் அம்மா பொட்டலம் கட்டும் வேலைக்குப் போன பிறகு, பெரியவள் குளித்துக்கொண்டிருக்கும்போது, அப்பாவும் பிள்ளையும் ஜன்னல் ஓரத்தில் உட்காருவார்கள். அரை மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் பையன் முகத்தில் ரத்தம் ஓடும். அவன் பேசுவான். பள்ளிக்கூடம், பந்து, பழைய கூட்டாளிகள் என்று ஏதாவது. லிப்ட்காரர் வேலைக்கு நேரமாவதைக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அவர் காலையில் எழுந்தார் என்றால் மிகை இல்லை. தப்பு என்று தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தார்.

சோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"குறையல. ஏறுது."

நாலு பேரும் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"வெளியில இருந்து யாரோ குடுக்கறாங்க. யாருன்னு கண்டுபிடிங்க. அடுத்த வாரமும் இப்படித்தான்னா வீட்டுல வெச்சுப் பார்க்கிற கதை நடக்காது. உள்ள சேர்த்துத்தான் ஆகணும்."

 அந்த 'உள்ளே' எப்படி இருக்கும் என்று லிப்ட்காரருக்குத் தெரியும். ஒருமுறை அங்கே லிப்ட் சரிசெய்யப் போயிருக்கிறார். கம்பிக் கதவு, அதற்குப் பின்னால் இன்னொரு கம்பிக் கதவு, நடைபாதையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு பையன்கள். ஒருவன் அவருடைய கருவிப் பையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என் பிள்ளை அங்கே போகக் கூடாது என்று அன்றைக்கே, அப்போது எந்தக் காரணமும் இல்லாமலே, அவர் நினைத்திருந்தார். இப்போது காரணம் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

தன்னுடைய பாதி அவர் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் ஒரு பாதி எப்படி ஏற்றும்? பாதி அவனை நிற்க வைக்கத்தான் போதும். ஏற்றுவதற்கு வேறு ஒருவன் இருக்கிறான். அந்த வேறு ஒருவனைப் பிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அவருக்கு இந்தக் கணக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

வேறு ஒருவன் யார் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. சுருட்டைதான். சுருட்டை முடிக்காரன், சின்னவனோடு ஒன்றாகப் படித்தவன், படிப்பை விட்டுவிட்டு டயர் கடையில் பஞ்சர் போடுகிறவன். மகள், "அவனாத்தாம்ப்பா இருக்கும், வேற யாரு?" என்றாள். மனைவி, "அவன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே," என்றாள். இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் எதையும் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

லிப்ட்காரர் டயர் கடைக்குப் போனார். சுருட்டை தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்க அங்கிள்," என்று எழுந்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டார். கடையில் இருந்தவர்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். "என் பிள்ளைக்கு மருந்து விக்கிறியாடா?" என்று வாய்க்கு வந்தபடி கத்தினார். சுருட்டை கன்னத்தில் ஈரக் கையை வைத்துக்கொண்டு நின்றான். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதையே அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

தெருவுக்கு வந்த பிறகு கை எரிந்தது. மனசு என்னவோ லேசாகத்தான் இருந்தது. போகிற வழியில் இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. ஸ்பானருக்கு அடியில் இருந்த காகிதம் காலியாகிவிட்டது. நாளைக் காலைக்கு இல்லை. சுருட்டையின் வரத்து நின்றுவிடும், பையன் துடித்துப்போவான், பாதியாவது கையில் இருக்க வேண்டும். இப்படித்தான் அவருடைய புத்தி ஓடியது. ஒரு கையால் அறைந்துவிட்டு அதே கையால் வாங்கப் போகிறோமே என்று அவருக்கு உறைக்கவில்லை. சீட்டுக் கேட்காத அந்தக் கடைக்கே போய் நின்றார்.

கடைக்காரர் நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். முதுகு வலி என்று இவர் தொடங்குவதற்குள்ளேயே பெட்டியை எடுத்தார்.

"உங்க வீட்டுல யாருக்குங்க இவ்வளவு முதுகு வலி? முந்தாநாள் வீட்டம்மா வந்தாங்க. நேத்துதான் பொண்ணு வாங்கிட்டுப் போச்சு. இன்னிக்கு நீங்க. சேர்த்து ஒரே பெட்டியா வாங்கிட்டீங்கன்னா ஆளாளுக்கு அலைய வேண்டாமே?"

அக்கறையாகத்தான் சொன்னார். லிப்ட்காரர் மாத்திரையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்றார். மூச்சுக்காக நிற்கவில்லை. மேலே போய் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார்.

மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

"என் அலமாரியைத் திறந்தீங்களா?" என்றாள். "பூட்டை உடைச்சீங்களா? நீங்கதானே சொன்னீங்க, அடுத்தவங்க பூட்டைத் தொடக் கூடாதுன்னு?"

"உன்னுது இல்ல. இது என்னுது."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் புஸ் புஸ் என்றது. அவர்தான் போய் அதை அணைத்தார்.

"மத்தியானம் வேலை விட்டு வந்ததும் குடுப்பேன்," என்றாள். "பாதிதாங்க. சோறு எறங்கமாட்டேங்குது, வாந்தி எடுக்கிறான். பாதி குடுத்தா ரெண்டு வாய் சாப்பிடறான். புள்ளை சாப்பிடறதைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு?"

"நான் காலையில."

"நீங்க கொட்டிட்டேன்னு சொன்னீங்களே?"

"நீயும்தான் சொன்னே."

சண்டை போடுவதற்கு இருவருக்கும் நியாயம் சமமாக இருந்ததால் சண்டை வரவில்லை. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரொம்ப மெதுவாக, யாருக்கோ வக்காலத்து வாங்குவதுபோலச் சொன்னாள்:

"என்னால அவன்கிட்ட முடியாதுன்னு சொல்ல முடியலங்க. உனக்கு மட்டும்தான்மா என் கஷ்டம் தெரியும்னான். அப்பாகிட்டச் சொன்னா அடிப்பாரு, நீ மட்டும்தான்னான்."

லிப்ட்காரருக்கு அந்த நிமிடம் மனைவிமேல் பொறாமை வந்தது. சொன்னால் கேவலம்தான், ஆனால் வந்தது. காலையில் ஜன்னல் ஓரத்தில் அவருக்கென்று அவன் கொடுத்த வார்த்தை, மத்தியானம் சமையலறையிலும் அப்படியே செலவாகியிருக்கிறது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு எத்தனை மாடி ஏறி இறங்கியிருக்கிறார், எத்தனை லிப்ட் குழிக்குள் உட்கார்ந்து அதையே நினைத்துச் சிரித்திருக்கிறார். பையன் ஏமாற்றியதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. அந்த வார்த்தை போனதுதான் வலித்தது.

சாயங்காலம் மகள் வந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்ற கால். செருப்பைக் கழற்றும்போதே மேசையைப் பார்த்துவிட்டாள். இப்போது அங்கே இரண்டு அட்டைகள் இருந்தன.

"அப்பா, நான் சொல்லிடலாம்னுதான்ப்பா இருந்தேன்," என்று அங்கேயே அழ ஆரம்பித்தாள். "சாயங்காலம் மட்டும்தான். பாதிதான். இல்லன்னா ராத்திரி பூரா சுவத்துல தலையை முட்டிக்கிறான். அடுத்த ரூம்ல நான்தானே படுத்திருக்கேன்? உங்களுக்கெல்லாம் கேட்காது."

அவளே சாவியை எடுத்துத் தன் அலமாரியைத் திறந்தாள். மூன்றாவது அட்டையும் மேசைக்கு வந்தது. காலையில் அப்பா, மத்தியானம் அம்மா, சாயங்காலம் அக்கா. மூன்று வேளையும் நேரம் தவறவில்லை. மனைவி என்ன நினைத்தாளோ, திடீரென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. மகளும் அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள். லிப்ட்காரர் மட்டும் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுருட்டையை அறைந்த கை.

சத்தம் கேட்டுச் சின்னவன் அறையிலிருந்து வந்தான். மேசைமேல் மூன்று அட்டைகளையும் பார்த்தான். ஓடவில்லை. பிடுங்கவும் இல்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டான்.

"மூணு பேர்கிட்டயும் ஒரே வார்த்தையாடா?" என்றார் லிப்ட்காரர். அவர் கேட்க நினைத்தது வேறு ஏதேதோ. வாயில் வந்தது அதுதான்.

"பொய் இல்லப்பா," என்றான் அவன். குரலில் சத்து இல்லை. "சொல்லும்போது நிஜமாத்தான் இருக்கும். உங்ககிட்டச் சொல்லும்போது உங்களுக்குத்தான் தெரியும்னு தோணும். அம்மாகிட்டச் சொல்லும்போது அம்மாவுக்குத்தான்னு தோணும். குடுத்ததுக்கப்புறம் ஒண்ணும் தோணாது."

அட்டைகளைப் பார்த்தபடியே, "நான் கேட்பேன்ப்பா. கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். நீங்க ஏன் குடுத்தீங்க?" என்றான்.

 அவன் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் மூன்று அட்டைகளையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார்கள். மகள்தான் சொல்ல ஆரம்பித்தாள், அம்மா நடுவில் புகுந்தாள், லிப்ட்காரர் முடித்துவைத்தார். ஆளுக்கு ஆள் "நான்தான் தப்பு" என்று ஏட்டிக்குப் போட்டியாகப் பேசினார்கள். டாக்டரம்மா கடைசிவரை கேட்டார்.

"எத்தனையோ வீட்டுக்கு மருந்து எழுதிக் குடுத்திருக்கேன்," என்றார். "நான் எழுதினதை ஒரு வீட்டுலகூட இவ்வளவு ஒழுங்கா குடுத்ததில்ல."

திட்டுவதற்காகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார். காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

"பையனை இன்னிக்கே சேர்க்கிறேன். அவன் கேட்டுக்கிட்டேதான் இருப்பான், அதான் இந்த வியாதி. குடுக்க ஆள் இல்லாத இடத்துல கொஞ்ச காலம் இருக்கட்டும். அதனால நீங்க யாரும் அவனைப் பார்க்க வரக் கூடாது. அம்மா, அப்பா, அக்கா, மூணு பேரும்தான். நான் சொல்ற வரைக்கும்."

"அப்ப அவனுக்கு யாரும்மா இருக்கா?" என்றாள் மனைவி.

"கூட்டாளி யாராவது இருந்தா வரட்டும். இவன் கேட்டாக் குடுக்காத ஆளா பார்த்து அனுப்புங்க."

லிப்ட்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே டயர் கடைக்குப் போனார். அவரைப் பார்த்ததும் கடையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். சுருட்டை மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். "நாங்கதான்ப்பா குடுத்திருக்கோம். நாங்க மூணு பேரும்," என்று மட்டும் சொன்னார்.

சுருட்டை நிமிர்ந்து பார்த்தான். ஆச்சரியப்படுவான் என்று அவர் நினைத்தார். அவன் முகத்தில் வருத்தம்தான் தெரிந்தது.

"எங்கிட்டயும் வந்தான் அங்கிள். மாத்திரை வாங்கக் காசு குடுடான்னு கேட்டான். மாட்டேன்னேன். உனக்கு மட்டும்தாண்டா தெரியும்னு அழுதான். அப்பவும் மாட்டேன்னேன். அதோட எங்கூடப் பேசறதையே விட்டுட்டான்."

"நேத்து நான் அடிச்சப்போ இதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, அப்ப யாருடா குடுக்கறதுன்னு கேட்டு வீட்டுல போய் அவனை அடிப்பீங்கன்னு பயந்தேன்."

பதினேழு வயதுப் பையன் இவ்வளவு யோசித்திருக்கிறான். தனக்கு வயது எவ்வளவு என்று லிப்ட்காரருக்கு நினைவு வந்தது.  சின்னவனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்ப்பாயா என்று கேட்டார். வாராவாரம் கடை லீவு அன்றைக்குப் போகிறேன் என்றான் சுருட்டை. உடனே அடுத்த டியூபை எடுத்துத் தண்ணீரில் முக்கினான். 

சின்னவனைக் கொண்டுபோய் விடுவதற்கு லிப்ட்காரர் மட்டும் போனார். மனைவியால் படியிறங்க முடியவில்லை. மகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றுவிட்டாள். ஒரு பையில் இரண்டு சட்டை, துண்டு, பல் துலக்கும் பிரஷ். பேருந்தில் அவன் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டே வந்தான். நடுக்கம் ஆரம்பித்துவிட்டது. மடியில் இருந்த பை அவன் கையோடு சேர்ந்து ஆடியது. அவர் அந்தப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் கம்பிக் கதவுக்கு முன்னால் ஒரு பெஞ்சு. காவல்காரம்மா பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டு, உள்ளே ஆள் வருகிறார்கள், உட்காருங்கள் என்றாள். பக்கத்துச் சுவரில் அவர் ஒருமுறை சரிசெய்த லிப்ட் இருந்தது. இப்போதும் ஒழுங்காகத்தான் ஓடுகிறது என்று கவனித்தார். பழக்கதோஷம்.

சின்னவன் அவர் பக்கம் சாய்ந்தான். நெற்றி வியர்வை அவர் தோளில் பட்டது.

"அப்பா. உள்ள போறதுக்கு முன்னாடி. ஒரே ஒரு தடவை. இதுதான் கடைசி. அப்புறம் நானே இருந்துப்பேன்ப்பா. பாதிகூட வேணாம். பாதில பாதி."

அவன் கண்ணைப் பார்த்தார். நேற்று கதவு நிலையில் சாய்ந்து "ஏன் குடுத்தீங்க" என்று கேட்டவனும் இவனேதான். அந்தக் கேள்விக்கான பதிலை அப்போதுதான் லிப்ட்காரர் தெரிந்துகொண்டார். ஏனென்றால் அவருடைய கை, அவரைக் கேட்காமலே, சட்டைப் பைக்குப் போய்விட்டிருந்தது. விரல்கள் உள்ளே துழாவின. ஒரு பேருந்துச் சீட்டு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

இருந்திருந்தால் கொடுத்திருப்பார். இவ்வளவு நடந்த பிறகும், டாக்டரம்மா சொன்ன பிறகும், சுருட்டை சொன்ன பிறகும் கொடுத்திருப்பார். பையில் கை போனதைச் சின்னவனும் பார்த்தான். அவர் வெறும் கையை வெளியே எடுத்ததும் அவன் சாய்ந்திருந்த தோளிலிருந்து விலகி நேராக உட்கார்ந்துகொண்டான்.

உள்ளேயிருந்து ஒருவர் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார். முதல் கதவு, பிறகு இரண்டாவது கதவு. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நடை மட்டும், முறிந்த கால் வலிக்கிற நாட்களில் நடந்தது மாதிரி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கால் எப்போதோ குணமாகிவிட்டது என்பது அப்பாவுக்குத் தெரியும். இருந்தாலும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

காவல்காரம்மா பூட்டைப் போட்டுச் சாவியை உருவினாள். லிப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்து எடுத்தே வயதாகிப்போன அந்த மனிதர் கம்பிக்குப் பக்கத்தில் போனார்.

"அம்மா," என்றார். "நான் நாளைக்கே வந்து நிப்பேன். அழுவேன், சண்டை போடுவேன், ஒரே ஒரு நிமிஷம்னு கெஞ்சுவேன். என்ன சொன்னாலும் என்னை உள்ள விட்டுடாதீங்க."